தொழிற்சாலையில் தேக பரீட்சை

ஸ்ரீபெரும்பூதூரிலிருந்து தெற்கே திரும்பி வல்லம் வழியாக ஒரகடம் செல்லும் சாலையில், வேலைமுறை மாறும் வேளையில் நின்று பார்த்தவர்கள் அக்காட்சியை எளிதில் மறக்கமாட்டார்கள். வரிசை வரிசையாகக் கம்பெனி பஸ்கள் வந்து நிற்கின்றன. ஒரே நிறச் சட்டை அணிந்த வாலிபர்களும் யுவதிகளும் ஆயிரக்கணக்கில் இறங்குகிறார்கள். இரவு முழுதும் கண்விழித்தவர்கள் அதே பஸ்களில் ஏறிக்கொண்டு உறங்கப் போகிறார்கள். இராமாநுஜர் அவதரித்த க்ஷேத்திரம் என்று மட்டுமே நம் பாட்டன்மார் அறிந்திருந்த ஊர் இது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க் கார் வெளிவரத் தொடங்கியபின், ஒரகடத்துக்கு 2010-இல் ரெனோ-நிஸானும், 2012-இல் டெய்ம்லரும், 2013-இல் ராயல் என்ஃபீல்டும் வந்து சேர்ந்தன. 2006-இல் வந்த நோக்கியா 2014-இல் கதவடைத்துப் போனதையும் இவ்வூர் பார்த்திருக்கிறது. கைத்தொழிலின் லாப நஷ்டங்களைப் பற்றி எழுதுவோர் பலர். நாம் இன்று எழுதப்புகுவது அத்தொழிலைச் செய்கின்ற சரீரத்தைப் பற்றி.

வேலைக்குச் சேரும் வாலிபரை வைத்தியர் நிறுத்துப் பார்க்கிறார், உயரத்தை அளக்கிறார், இரண்டையும் கொண்டு ஒரு கணக்குப் போடுகிறார். கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பதே அக்கணக்கு. விடை 25-க்குக் கீழே இருந்துவிட்டால் தேகம் ஒழுங்கு என்று எழுதுவது நெடுநாள் வழக்கம். இக்கணக்கைக் கண்டுபிடித்தவர் வைத்தியரல்லர். பெல்ஜியம் தேசத்து வானசாஸ்திரியும் கணித நிபுணருமான கேத்தலே என்பவர், சராசரி மனிதன் எப்படியிருப்பான் என்பதை அறிய விரும்பி, 1830-களில் இதனை வகுத்தார். தனியொருவருடைய ஆரோக்கியத்தைத் தீர்மானிக்க அவர் இதனைக் கருதவேயில்லை. 1972-இல் அமெரிக்கரான ஆன்ஸெல் கீஸ் இதற்கு இப்போதுள்ள பெயரைச் சூட்டியபின்னரே இது உலகமெங்கும் வைத்தியசாலைகளில் குடிபுகுந்தது. இதற்காகும் செலவு ஒரு தராசும் ஒரு சுவரும்தான். அதுவே இதன் பெருமை. எடை எதனாலானது என்று இது கேட்பதேயில்லை. அதுவே இதன் குறை. மாமிசமும் எடைதான், எலும்பும் எடைதான், கொழுப்பும் எடைதான்.

இக்குறையை முதலில் ஐயந்திரிபற எடுத்துக்காட்டியவர்களில் ஒருவர் அமெரிக்கக் கடற்படை வைத்தியரான பென்கி. 1942-இல், யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில், தொழில்முறைக் கால்பந்து வீரர் 25 பேரை அவர் பரீட்சித்தார். எடை உயர அட்டவணைப்படி பார்த்தால் அவர்களில் 17 பேர் ராணுவத்துக்கு லாயக்கற்றவர்கள். ஆர்க்கிமிடீஸ் கிரீடத்தைச் சோதித்த அதே முறையில், நீரில் அமிழ்த்தி நிறுத்துப் பார்த்தபொழுது, அவர்களிற் பெரும்பாலோருடைய பாரம் கொழுப்பன்று, தசையே என்று விளங்கிற்று. தராசு கட்டுடலைக் கண்டு அஞ்சிவிட்டது! அது அமெரிக்கருடைய கதை. நம்மவருடைய கதை இதற்கு நேர் எதிரானது. அதனாலேயே அதிக ஆபத்தானது.

2004-இல் லான்ஸெட் பத்திரிகையில் ஒரு சிறு சித்திரம் வெளியாயிற்று. புனா நகரத்து டாக்டர் யாக்னிக்கும், லண்டன் நகரத்து டாக்டர் யுட்கினும் அருகருகே நிற்கிறார்கள். இருவரும் நண்பர்கள், இருவரும் மெலிந்த தோற்றமுடையவர்கள், முன் சொன்ன கணக்கின்படி இருவருக்கும் விடை ஒன்றே, 22.3. ஆனால் கொழுப்பை மட்டும் தனியே அளந்தபொழுது, ஓட்டப்பந்தயம் ஓடும் பழக்கமுடைய யுட்கினுக்கு நூற்றுக்கு 9.1 பங்கும், யாக்னிக்குக்கு 21.2 பங்கும் இருந்தன. ஓட்டப் பழக்கத்துக்கும் இதில் பங்குண்டு என்பது மெய்யே. ஆயினும் அது ஒன்றே காரணமன்று. புனாவுக்கருகிலுள்ள கிராமங்களில் பிறந்த சிசுக்களை யாக்னிக்கின் குழுவினர் அளந்தனர். இங்கிலாந்தின் சௌதாம்ப்டனில் பிறக்கும் குழந்தையின் சராசரி எடை 3.5 கிலோவாக இருக்க, நம் குழந்தையின் எடை 2.7 கிலோவே. தசையும் உறுப்புகளும் அதற்கேற்பச் சிறுத்திருந்தன. தோலுக்கடியிலுள்ள கொழுப்பு மட்டும் அவ்வளவு குறையவில்லை. தாயின் வயிற்றிலேயே பஞ்சத்துக்குத் தயாராகிப் பிறந்த உடம்பு இது. மெலிந்த மேனியில் மறைந்த கொழுப்பு என்பது இந்தியருக்கு இங்ஙனம் பிறப்பிலேயே தொடங்கிவிடுகிறது.

கொழுப்பு எவ்வளவு என்பதோடு, எங்கே என்பதும் முக்கியம். 1947-இல் பிரான்ஸ் தேசத்து மார்ஸேல்ஸ் நகர வைத்தியரான ழான் வாக், தொடையிலும் பிட்டத்திலும் சேரும் கொழுப்பையும், வயிற்றிலும் மேலுடம்பிலும் சேரும் கொழுப்பையும் வேறுபடுத்தி, பின்னதே நீரிழிவுக்குத் துணைபோவது என்று எழுதினார். நெடுங்காலம் அவர் பேச்சை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. இப்பொழுது அதன் காரணம் நன்கு விளங்கியிருக்கிறது. தோலுக்கடியில் அடங்காத கொழுப்பு குடலைச் சுற்றியும் ஈரலிலும் போய்த் தங்குகிறது. வயிற்றினுள் உள்ள அக்கொழுப்பினின்று கரையும் அமிலங்கள் நேரே ஈரலை அடைகின்றன. ஈரலும் தசையும் இன்ஸுலினுடைய கட்டளைக்குச் செவிசாய்க்க மறுக்கின்றன. கணையம் இன்னும் அதிகமாகச் சுரந்து சிலகாலம் ஈடுகொடுக்கிறது; பிறகு களைத்துவிடுகிறது. ரத்தத்தில் சர்க்கரையும் தீய கொழுப்பும் ஏறுகின்றன. ரத்த அழுத்தமும் கூடுகிறது. இவை அனைத்தும் ஒரே வேரில் கிளைத்தவை என்று 1988-இல் ரீவன் என்ற அமெரிக்க வைத்தியர் எடுத்துரைத்தார்.

இதன் விளைவு தேசத்தில் எவ்வளவு பரவியிருக்கிறது? இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்ஸிலின் ஆதரவில் சென்னை டாக்டர் மோகனின் ஸ்தாபனத்தார் முன்னின்று, 1,13,043 பேரை நேரில் பரீட்சித்து 2023-இல் வெளியிட்ட கணக்கு நம்மிடம் இருக்கிறது. அதன்படி இந்தியாவில் நீரிழிவுடையோர் 10 கோடியே 10 லட்சம் பேர். அதன் வாசலில் நிற்போர் 13 கோடியே 60 லட்சம் பேர். எடைக்கணக்கின்படி பருமனானவர் நூற்றுக்கு 28.6 பேராக இருக்க, வயிறு பருத்தவரோ நூற்றுக்கு 39.5 பேர். இவ்விரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை நேயர்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டும். தராசு கண்டுபிடிக்கத் தவறியவர்கள் அதில் அடங்கியிருக்கிறார்கள். சென்னை நகரத்தில் மட்டும் 1989-இல் நூற்றுக்கு 8.3 ஆக இருந்த நீரிழிவு 2004-இல் 14.3 ஆயிற்று. 1948-இல் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் டாக்டர் விசுவநாதன் நீரிழிவுக்கென்று தனிப் பகுதி திறந்தபோது அது செல்வந்தர் வியாதி என்று பேசப்பட்டது. இன்று அது பஸ் ஏறிவந்து வேலைமுறைச் சீட்டில் கையெழுத்திடுகிறது.

கொழுப்பை அளப்பது எங்ஙனம்? எக்ஸ்ரே கதிர்கொண்டு உடம்பு முழுவதையும் படமெடுத்து எலும்பு, தசை, கொழுப்பு என்று பிரித்துக் காட்டும் யந்திரம் பெரிய ஆஸ்பத்திரிகளில் உண்டு. ஓர் ஆலைக்கு அது யானை கட்டித் தீனி போடுவதற்கு ஒப்பாகும். தோலைக் கிள்ளி மடித்துத் தடிப்பை அளக்கும் இடுக்கி மலிவானது. ஆனால் கைப்பழக்கம் வேண்டும், இருவர் அளந்தால் இரு விடை வரும். இப்பொழுது முகாம்களில் எங்கும் காணப்படுவது, காலை வைத்து ஏறி நின்றால் கொழுப்பு இத்தனை சதவீதம் என்று சொல்லும் மின்சாரத் தராசு. உணரமுடியாத அளவு மெல்லிய மின்சாரத்தை அது உடம்பில் செலுத்துகிறது. நீர் மிகுந்த தசை அதற்கு வழிவிடுகிறது, கொழுப்பு தடுக்கிறது, அத்தடையைக் கொண்டு யந்திரம் கணக்கிடுகிறது. கேட்பதற்கு அழகாகவே இருக்கிறது. ஆனால் வார்ப்படச் சாலையிலோ, வர்ணம் பூசும் அறையிலோ எட்டு மணி நேரம் வியர்த்து நீர்வற்றி வருபவரை அதில் ஏற்றினால், தண்ணீர்க் குறைவைக் கொழுப்பு மிகுதி என்று அது தவறாகக் கூறிவிடும். அதன் சூத்திரம் எந்த ஜனங்களை அளந்து வகுக்கப்பட்டதோ அவர்களுக்கே அது நன்கு பொருந்தும் என்பதையும் மறக்கலாகாது. அச்சடித்த எண்ணைக் கண்டால் நம்பிவிடுவது படித்தவர்களுடைய மூடநம்பிக்கை.

மிஞ்சுவது தையற்காரருடைய அளவுநாடா. கடைசி விலாவெலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளிவிட்ட நிலையில் சுற்றளவைப் பார்க்கவேண்டும். இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. இடுப்பளவு உயரத்தில் பாதிக்குக் குறைவாக இருக்கட்டும் என்று பிரிட்டிஷ் சுகாதார நிபுணர் குழு 2022-இல் கூறியது இன்னும் எளிய விதி. ஒரு கயிறு போதும். உலகப் பருமன் நிபுணர்கள் 2025 ஜனவரியில் லான்ஸெட் வாயிலாக வெளியிட்ட அறிக்கையும், எடைக்கணக்கை மட்டும் நம்பி ஒருவரைப் பருமனென்று முடிவுசெய்யாமல், கொழுப்பை நேரே அளந்தோ இடுப்பை அளந்தோ உறுதிசெய்க என்றே சொல்லுகிறது. நமது விஷயத்தையே சொல்லலாமாயின்: கோர்ட்டு நாற்காலியிலிருந்து பத்திரிகை நாற்காலிக்கு மாறியதன்றி வேறு தேகப்பயிற்சி அறியாத நமக்கு, கலாசாலை நாளுக்கும் இன்றைக்கும் எடையில் மூன்று கிலோவே வித்தியாசம். அதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம். கால்சட்டையை இருமுறை பிரித்துத் தைத்த தையற்காரர் மரியாதை கருதி மௌனமாக இருந்துவிட்டார்.

தையற்காரரைப் பற்றிப் பேசும்பொழுது லண்டன் பஸ்களின் சரித்திரம் நினைவுக்கு வருகிறது. டாக்டர் ஜெரமி மாரிஸ் என்பவர், நாளெல்லாம் உட்கார்ந்து வண்டியோட்டும் டிரைவர்களையும், மாடி பஸ்ஸில் படியேறி இறங்கி டிக்கட் கொடுக்கும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டு, டிரைவர்களுக்கே இருதய நோய் அதிகம் என்று 1953-இல் எழுதினார். உழைப்பு இருதயத்தைக் காக்கிறது என்ற கொள்கைக்கு அதுவே அஸ்திவாரம். 1956-இல் அவர் செய்தது இன்னும் சுவையானது. கம்பெனியார் தொழிலாளருக்குச் சீருடை தைத்துக்கொடுத்த கணக்குப் புத்தகங்களைக் கேட்டு வாங்கி, கால்சட்டையின் இடுப்பளவுகளை வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தார். கண்டக்டரைவிட டிரைவரின் இடுப்பு பெருத்திருந்தது. யந்திரமில்லை, ஊசியில்லை, ஒருவரையும் வரிசையில் நிறுத்தவில்லை. தையற்கணக்கே வைத்தியக் கணக்காயிற்று. நமது ஒரகடத்திலும் வல்லத்திலும் சீருடை கொடாத ஆலை ஏது? முப்பத்திரண்டு அங்குலம் மூன்றாண்டில் முப்பத்தாறானது ஏதோவொரு குமாஸ்தாவின் ஏட்டில் எழுதப்பட்டே இருக்கும். அதைப் படிப்பார் இல்லை.

இடுப்பளவு ஒன்றே நோயன்று என்பதையும் சொல்லவேண்டும். அது யாருக்கு ரத்தப் பரீட்சை செய்யவேண்டும் என்பதைக் காட்டும் கைகாட்டி. 2005-இல் சென்னையிலேயே மோகன் குழுவினர் வகுத்த மதிப்பெண் முறை இதற்கு மிகவும் தகுந்தது. வயது, இடுப்பளவு, உழைப்பு, பெற்றோர் நோய் ஆகிய நான்கையும் கேட்டு நூற்றுக்கு மதிப்பெண் இடுகிறது. 60-ம் அதற்கு மேலும் வந்தால் உடனே ரத்தம் பார்க்கவேண்டும். 36 வயதும், 92 சென்டிமீட்டர் இடுப்பும், உழைப்போ பயிற்சியோ இல்லாத வாழ்வும், நீரிழிவுடைய தந்தையும் உள்ளவருக்கு 70 வருகிறது. அவரே 26 வயதினராக இருந்தால் 50-தான். எனினும் அவர் தப்பிவிட்டார் என்று பொருளன்று. பத்தாண்டு தவணை பெற்றிருக்கிறார் என்பதே பொருள். தொழிற்சாலையில் வேலைசெய்பவனுக்கு உழைப்பில்லையா என்று சிலர் கேட்பார்கள். கனமான பாகங்களை யந்திரக் கை தூக்குகிறது. ஓடும் பட்டையின் முன் எட்டு மணி நேரம் அசையாது நின்று திருகைத் திருகுவதே மனிதன் வேலை. கால் வலிக்கிறது, முதுகு நோகிறது; ஆனால் மூச்சு வாங்குவதில்லை. களைப்பு வேறு, தேகப்பயிற்சி வேறு. இதனோடு, வாரத்துக்கு வாரம் பகலிரவு மாறும் வேலைமுறை தூக்கத்தையும் பசியையும் குலைத்து நீரிழிவுக்கு வழிகோலுகிறது என்பதும் ஆராய்ச்சிகளில் காணப்பட்ட உண்மை.

அளந்தறிந்து ஆவதென்ன என்ற கேள்விக்கு நம் மாகாணமே விடை கண்டிருக்கிறது. டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை மூன்றாண்டு கவனித்தார்கள். சும்மா விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேர் நோயாளியாயினர்; உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களில் 39 பேரே ஆயினர். இன்னும் பொருத்தமான சான்று 2013-இல் வெளியானது. தென்னிந்தியத் தொழில் நிலையங்களில் வேலைசெய்யும் 35 முதல் 55 வயதுள்ள ஆண்கள் 537 பேரைத் தேர்ந்து, ஒரு பாதியினருக்கு உணவும் உடற்பயிற்சியும் பற்றிய குறுஞ்செய்திகளைக் கைபேசியில் அனுப்பிவந்தார்கள். இரண்டாண்டில் செய்தி பெற்றவர்களில் 50 பேருக்கும், பெறாதவர்களில் 73 பேருக்கும் நீரிழிவு வந்தது. மருந்தல்ல, மாத்திரையல்ல; இரண்டு வரிச் செய்தி!

செய்தி மட்டும் போதாது, சோறும் மாறவேண்டும். இந்தியர் உண்ணும் சக்தியில் நூற்றுக்கு 62 பங்கு அரிசி, கோதுமை, சர்க்கரை முதலியவற்றிலிருந்தே வருகிறது என்று 2025-இல் முன் சொன்ன மோகன் குழுவினரே கணக்கிட்டனர். விடுதியிலும் ஆலையிலும் மூன்று வேளையும் உண்பவர் தாம் உண்பதைத் தாமே தேர்வதில்லை. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர் விடுதியொன்றில் உணவு நஞ்சாகி 150-க்கு மேற்பட்டோர் ஆஸ்பத்திரிக்குச் சென்றதும், பெண்கள் ராஜபாட்டையில் அமர்ந்து மறித்ததும் நேயர்கள் அறிந்ததே. அன்று கேடு ஒரே இரவில் தெரிந்தது. பருப்பு மெலிந்து சோறு குவிந்த தட்டு செய்யும் கேடு பத்தாண்டு கழித்தே தெரியும். அதற்கு எவரும் சாலையை மறிக்கப்போவதில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் எடை மிகுந்தவர் நூற்றுக்கு 40.4, ரத்தசோகையுடையவர் 53.4. ஒரே தட்டு இரண்டையும் விளைவிக்கிறது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். வக்கீலுடைய பேனா அங்கு வராமல் நிற்காது. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், அபாயமான வேலைகளில் உள்ளோருக்கே காலந்தோறும் தேக பரீட்சையை வற்புறுத்தியது. 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்த தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, இலவச வருடாந்தரப் பரீட்சையை முதலாளியின் கடமையாக்கி, எந்த வயதினருக்கு என்பதை விதிகளுக்கு விட்டிருக்கிறது. 40 வயது கடந்தோருக்கு என்று மத்திய சர்க்கார் விளம்பரப்படுத்தினர். இருபதும் இருபத்தைந்தும் வயதுள்ளவர்கள் நிறைந்த ஒரகடத்தில் இது எத்தனை பேருக்குப் பயன்படும்? ஒப்பந்தத் தொழிலாளி நாற்பதைத் தொடுவதற்குள் எத்தனை கேட்டுகளைக் கடந்து போயிருப்பார்! தமிழ்நாட்டு சர்க்கார் 2024-இல் தொடங்கிய ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ வேலைத்தலத்துக்கே சென்று ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பது. அதன் பையில் ஓர் அளவுநாடாவும் இருப்பது நன்று.

ஆயினும் நமக்கு ஓர் அச்சம் உண்டு, அதை மறைக்கப்போவதில்லை. அளப்பவன் கையிலேயே கூலியும் இருக்கிறது. இந்தியன் ஏர்லைன்ஸார் எடை மிகுந்த விமானப் பணிப்பெண்களைத் தரையில் இறக்கியதை டில்லி ஹைகோர்ட் 2008-இல் ஆதரித்தது. 2009 ஜனவரியில் ஏர் இந்தியா சிலரை வேலையினின்றே நீக்கியது. தொழிலாளரின் நன்மைக்கென்று எடுத்த அளவு, ஆட்குறைப்புப் பட்டியலுக்கு முதற்படியாவதற்கு அதிக தூரமில்லை. இதற்கு மாறான நீதியும் உண்டு. 1997-இல் பம்பாய் ஹைகோர்ட், ரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி காணப்பட்டதற்காகத் தற்காலிகத் தொழிலாளி ஒருவரை விலக்கிய ஸ்தாபனத்தைக் கண்டித்து, வேலை செய்யும் வல்லமை உள்ளவரைக் கிருமியைக் காட்டி விலக்கலாகாது என்று தீர்ப்பளித்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24-இல் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகளும் ஏகமனதாகக் கூறினர். கிருமிக்கு உள்ள நியாயம் கொழுப்புக்கும் உண்டு.

ஆகவே விதிகளில் எழுதப்படவேண்டியவை இவை. வயது வரம்பு 25 ஆகட்டும். ஒப்பந்தத் தொழிலாளரும் பயிற்சியாளரும் சேரட்டும். அளவு எழுதிய சீட்டு, தமிழிலோ ஒடியாவிலோ ஹிந்தியிலோ, தொழிலாளியின் கைக்கே போகட்டும். நிர்வாகத்துக்குப் பெயரில்லாத மொத்தக் கணக்கு மட்டும் போதும். பெண்களைப் பெண் தாதியே, திரைக்குப் பின்னால் அளக்கவேண்டும். அம்மொத்தக் கணக்கு, உணவுச்சாலைக் கமிட்டியில் தொழிலாளர் பிரதிநிதிகளின் முன் ஆண்டுதோறும் வைக்கப்படவேண்டும். இடுப்புகள் பெருத்திருந்தால் சோற்றைப் பற்றியும் இரவு முறையைப் பற்றியும் பேச்சு அங்கே எழும். இரவு வேலை முடிந்து பஸ் ஏறப்போகிறவரை வெறும் வயிற்றோடு நிறுத்தி ரத்தம் எடுப்பதாயின், அந்த ஒரு மணி நேரத்துக்கும் கூலி உண்டென்று அதே விதியில் எழுதவேண்டும்.